மலைமேல் ஒரு கடல் சாமந்தி

"...செத்துப்போச்சுன்னா செத்துப்போச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்க பாய். நான் உள்ள வந்து பாக்கலீங்க. இப்படியே பஸ் ஏறிப் போயிக்கறேன்."

அந்த அம்மா இதைச் சொன்னது என் கடைப் படிக்குக் கீழே, ரோட்டோரத்தில் நின்றுகொண்டு. முகம் என் பக்கம் இல்லை. வெள்ளக்கடை பஸ் திரும்பி வரும் வளைவைப் பார்த்தபடியே சொன்னார். அதற்கு முன்னால் என்ன சொன்னாரோ எனக்குத் தெரியாது. பழுது பார்த்த கிரைண்டர் ஒன்றை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த இரைச்சலில் பாதி போய்விட்டது. சுவிட்சை அணைத்தபோது காதில் விழுந்தது இவ்வளவுதான். பதினோரு நாளைக்குப் பிறகு அவர் என்னிடம் பேசிய பேச்சு அது.

செத்துவிட்டதா என்று அவர் கேட்டது ஒரு பூவைப் பற்றி. பூவென்றால் பூவும் இல்லை. கடல் சாமந்தி என்பார்கள். பாறையில் ஒட்டிக்கொண்டு, நூறு விரலை விரித்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஓர் உயிர். கடலே பார்க்காத ஏற்காட்டு மலையில், மோட்டாருக்குக் காயில் கட்டும் என் கடையில், கண்ணாடித் தொட்டிக்குள் உப்புத்தண்ணீரில் அது எப்படி வந்து உட்கார்ந்தது என்பதைச் சொல்லிவிட்டுத்தான் அந்த அம்மாவுக்குப் பதில் சொல்ல முடியும்.

டவுனில் ஒரு லாட்ஜ் இருந்தது. வருகிறவர்கள் நின்று பார்க்கட்டும் என்று வரவேற்பறையில் கடல்மீன் தொட்டி வைத்திருந்தார்கள். அதன் மோட்டார் நின்றுபோகும்போதெல்லாம் என்னைக் கூப்பிடுவார்கள். லாட்ஜ் கை மாறியது. புதிதாக வந்தவர் அந்த இடத்தில் சோபா போட வேண்டும் என்றார். ஆரஞ்சு மீன்களை ஒரு டாக்டர் வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். நீல மீனைச் சேலத்துக்காரர் ஒருவர் பாலிதீன் பையில் கட்டி எடுத்துக்கொண்டார். நான் போனபோது தொட்டியில் மிஞ்சியிருந்தது ஒரு பாறையும் அதன்மேல் இந்தச் சாமந்தியும்தான்.

"மீனுக்கெல்லாம் ஆள் வந்தாச்சுங்க பாய். இதை யாரும் கேக்கல. நீங்க எடுத்துக்கிட்டீங்கன்னா உண்டு, இல்லாட்டி சாயங்காலம் சாக்கடையில ஊத்திருவோம்" என்றார் மேனேஜர்.

அப்போது என் மனைவி ஷார்ஜாவுக்குப் போய் ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. மகளுக்குப் பிள்ளைப்பேறு, ஆறு மாதத்தில் வந்துவிடுகிறேன் என்று போனவள். முதல் குழந்தை தவழ்வதற்குள் மகளுக்கு வேலை கிடைத்தது. குழந்தையை யார் பார்ப்பது? பிறகு இரண்டாவது உண்டாகியிருந்தாள். யார்மேலும் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. ஆனால் கடைக்குப் பின்னால் உள்ள என் வீட்டில் ஒரு தட்டு, ஒரு தம்ளர், ஓர் ஈரத்துண்டு என்று எல்லாமே ஒன்றாகச் சுருங்கிப்போயிருந்தன. இரண்டு பேருக்கு ஆக்கிப் பழகிய குக்கரில் ஒருவனுக்கு ஆக்கினால் சோறு அடியில் ஒட்டிக்கொண்டு வெளியே வர மறுக்கும். யாரும் கேட்காத ஒன்று என்று அந்த மேனேஜர் சொன்ன வார்த்தை எனக்கு எங்கோ பட்டுவிட்டது. வேறு என்ன சொல்ல? தொட்டியோடு ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுவந்தேன்.

படித்துத் தெரிந்துகொள்ள எனக்கு எட்டாம் வகுப்புக்கு மேலே படிப்பு இல்லை. காயில் கட்டுவதையே நான் யாரிடமும் உட்கார்ந்து கற்றவனில்லை. எரிந்த மோட்டாரை அவிழ்த்து, எத்தனை சுற்று என்று எண்ணி, அப்படியே திருப்பிச் சுற்றிப் பார்த்துப் பழகினேன். இதையும் அப்படித்தான் பழகினேன். சென்னை கொளத்தூரில் கடல்மீன் விற்கும் கடைக்காரர் ஒருவரின் நம்பரை லாட்ஜ்காரர்கள் கொடுத்தார்கள். அவர் போனிலேயே எனக்குப் பாடம் எடுத்தார்.

"உப்புன்னா சமையல் உப்பு இல்ல, அண்ணே. நான் பார்சல்ல போடுற உப்பு. தண்ணி குறைஞ்சா உப்புத்தண்ணி ஊத்தாதீங்க, நல்ல தண்ணி ஊத்துங்க. ஆவியாப் போறது தண்ணி மட்டும்தான், உப்பு உள்ளேயேதான் கிடக்கும்" என்பார். "உங்க ஊரு குளிருக்கு ஹீட்டர் போடாம வச்சீங்கன்னா அது பாயைச் சுருட்டிட்டுப் போயிரும்" என்றும் சொல்வார்.

நல்ல பேச்சுக்காரர். யாராவது இப்படி ஒன்றைச் சொல்லிவிட்டால் அது எனக்கு நாளெல்லாம் நாக்கிலேயே கிடக்கும். காயில் சுற்றும்போது அதையே முணுமுணுத்துக்கொண்டிருப்பேன். ஆள் இல்லாத வீட்டில் அடுத்தவர் பேச்சுதான் துணை.

கண்ணாடியின் வெளிப்பக்கம் தண்ணீர் மட்டத்துக்குச் சிவப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டிவைத்தேன். தண்ணீர் அதற்குக் கீழே இறங்கினால் கேன் தண்ணீரை ஊற்றி அந்த மட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும். வாரம் இரண்டு தடவை இறால். சேலத்திலிருந்து வாங்கிவந்து ஃப்ரிட்ஜில் வைத்திருப்பேன். சுண்டுவிரல் நகம் அளவுக்கு நறுக்கி, குளிர் போகத் தண்ணீரில் போட்டெடுத்து, நீளமான பிளாஸ்டிக் இடுக்கியில் பிடித்து அதன் விரல்களுக்கு நடுவே நீட்ட வேண்டும். முதலில் ஒரு விரல் தொடும். அடுத்தது தொடும். அப்புறம் அந்தப் பக்கத்து விரல்களெல்லாம் மெல்ல மடிந்து, துண்டை நடுவில் இருக்கும் வாய்க்குத் தள்ளிக்கொண்டு போகும். அவசரமே கிடையாது. தின்று முடிய அரைமணி நேரம் ஆகும். நானும் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு என் தட்டை வைத்துக்கொள்வேன். எனக்கு எதிரில் உட்கார்ந்து சாப்பிட அது ஒன்றுதான் இருந்தது.

வீடியோ காலில் ஒருநாள் மனைவிக்கு இதைக் காட்டினேன். பேரன் அவள் தோளில் தூங்கிக்கொண்டிருந்தான். பார்த்தாள், பார்த்தாள், பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்:

"ஏனுங்க, முப்பத்திரண்டு வருஷத்துல எனக்கு ஒரு வாய் ஊட்டியிருக்கீங்களா? அந்தச் செடிக்கு இடுக்கியில எடுத்து ஊட்டறீங்க!"

"நீ வா, உனக்கும் ஊட்டறேன்."

"இடுக்கியிலயா?" என்றாள். சிரித்தோம். போனை வைத்த பிறகு தொட்டி மோட்டாரின் சத்தம் மட்டும் இருந்தது.

படிக்குக் கீழே நின்று கேட்டாரே, அந்த எஸ்டேட் அம்மா இதற்குள் வந்தது இப்படித்தான். என் கடைக்கு எதிரேதான் பஸ் நிற்கும். பக்கத்துக் காப்பி எஸ்டேட்டில் வேலை நாலு மணிக்கு முடிகிறது. வெள்ளக்கடை பஸ் ஐந்தரைக்கு. நடுவில் உள்ள நேரத்தில் போனைச் சார்ஜ் போட என் கடைக்கு வருவார். ஐம்பது வயது இருக்கும். பாட்டன் காலத்தில் தர்மபுரிப் பக்கமிருந்து மலையேறி வந்த குடும்பம். வீட்டுக்காரர் இறந்துவிட்டார், பிள்ளைகள் இரண்டு பேரும் திருப்பூரில். முதலில் போனைக் கொடுத்துவிட்டு வெளியிலேயே நிற்பார். ஒருநாள் மழைக்கு ஒதுங்கி உள்ளே வந்தவர் தொட்டியைப் பார்த்துவிட்டார்.

"இது என்னங்க பாய், பூவா, பிராணியா?"

பிராணிதான் என்றேன். தின்றால் கழிவு எங்கே போகும் என்று கேட்டார். உள்ளே போன வழியாகவே துப்பிவிடும், அதற்கு ஒரே வாசல்தான் என்றேன். அந்த அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அப்படிச் சிரித்தார்.

"எங்க எஸ்டேட்டுல கணக்கு எழுதற ரைட்டரும் அந்த மாதிரிதானுங்க! எல்லாம் வாய் வழியாத்தான் வருது!"

அன்றிலிருந்து போன் சார்ஜ் நிறைந்திருந்தாலும் வருவார். செருப்பைப் படியில் விட்டுவிட்டு நேரே தொட்டிக்குப் போவார். "என்ன சாமி, இன்னிக்கு மூஞ்சி சின்னதாப் போச்சு? பாய் ஏதாச்சும் வஞ்சாருங்களா?" என்று அதனிடம் பேசுவார். இறால் கொடுக்கவும் பழகிக்கொண்டார். கையில் சோப்பு இருக்கக் கூடாது, வெறும் தண்ணீரில் முழங்கைவரை கழுவ வேண்டும் என்று சொல்லியிருந்தேன். "கோயிலுக்குப் போறாப்புல இருக்குதுங்க" என்றார். "நாங்க தொழுகைக்கு இப்படித்தான் கழுவறது" என்றேன். "அப்போ இது உங்க சாமியும் இல்லாம எங்க சாமியும் இல்லாம நடுவுல உக்காந்திருக்குது" என்றார். ஒருநாள் விரலைக் கொடுத்துப் பார்த்தவர், "பூனை நக்கறாப்புல ஒட்டுதுங்க" என்றார். இந்தப் பேச்சுக்காகவே நான் நாலு மணியிலிருந்து ரோட்டைப் பார்க்க ஆரம்பித்திருந்தேன். அதை அப்போது நான் ஒத்துக்கொண்டிருக்க மாட்டேன்.

எனக்கு இரண்டு கண்ணிலும் புரை விழுந்திருந்தது. கோடையில் முதல் கண்ணுக்குச் சேலத்தில் ஆப்பரேஷன் என்று முடிவானது. போக, இருக்க, வர மூன்று நாள் என்றார்கள். கடைச் சாவியை அந்த அம்மாவிடம் கொடுத்தேன். யோசிக்கவே இல்லை. கேன் தண்ணீரைக் காட்டி, சிவப்பு டேப்பைக் காட்டி, புதன்கிழமை ஒரு துண்டு இறால் என்று சொன்னேன். "மூணு நாளைக்கு இது எம்பட புள்ளைங்க, போங்க" என்றார்.

கிளம்புகிற அன்று காலையில் பார்த்தால், சாமந்தி பாறையை விட்டு நகர்ந்திருந்தது. அதற்கு அடியில் ஒரு பாதம் உண்டு. பிடிக்காவிட்டால் இடம் மாறும். போய் நின்ற இடம் தண்ணீர் இழுக்கும் மோட்டாருக்குப் பக்கத்தில். உள்ளே இழுத்துவிட்டால் சட்னிதான். மோட்டார் வாயில் ஒரு ஸ்பாஞ்ச் துண்டை வைத்து அவசரமாகக் கட்டிவிட்டு, சேலம் பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன்.

ஆஸ்பத்திரியில் கண்ணில் அழுத்தம் கூடியிருக்கிறது என்று நிறுத்திக்கொண்டார்கள். மூன்று நாள் ஆறு நாள் ஆயிற்று. கட்டிலில் கிடந்தபோது மகள் போன் செய்தாள், மனைவி அழுதாள். பக்கத்துக் கட்டில்காரர் தன் மகனிடம் என்னைக் காட்டி, "அவருக்குத்தான் யாருமில்ல போல" என்று சொன்னது காதில் விழுந்தது. ஒரு கண்ணை மூடிக்கொண்டு, எனக்கு ஆள் இருக்கிறது, ஷார்ஜாவில் நாலு பேர் இருக்கிறார்கள் என்று அவருக்கு எப்படி எடுத்துச் சொல்வது?

சனிக்கிழமை சாயங்காலம் கறுப்புக் கண்ணாடியோடு கடைக்கு வந்து இறங்கினேன். அந்த அம்மா தொட்டிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். "நேத்தியிலிருந்து இது விரியலீங்க" என்றார். குனிந்து பார்த்தேன். விரிந்தால் தட்டு அளவுக்கு இருக்கும் அது, இப்போது உரித்த எலுமிச்சம்பழம் மாதிரி சுருங்கிக் கிடந்தது. வாய் திறந்தபடி, உள்ளே இருக்கும் வெளுத்த சவ்வு வெளியே தெரிந்தது.

அங்கேயே கொளத்தூருக்குப் போன் போட்டேன். ஸ்பீக்கரில் போட்டதுதான் தப்பு. சூடு சரியாக இருக்கிறதா, உப்பு சரியாக இருக்கிறதா என்று கேட்டார். எல்லாம் சரி என்றேன். "அப்போ செம்பு பட்டிருக்கும் அண்ணே. செம்பு ஒரு சொட்டு போதும், இதுங்களுக்கு விஷம். வெளியில இருந்து தண்ணி எதும் ஊத்துனீங்களா?" என்றார்.

அந்த அம்மாவைப் பார்த்தேன்.

"கேன் தண்ணி நாலாம் நாளே தீந்துபோச்சுங்க. நீங்க வரலை. கோடு வரைக்கும் இல்லைன்னா அதுக்கு ஆகாதுன்னு சொன்னீங்கள்ல, அதான் ஊத்துல போயி ரெண்டு வாளி மொண்டாந்து ஊத்தினேன். நொம்ப நல்ல தண்ணிங்க, நாங்க குடிக்கறது."

எந்த வாளி என்று கேட்டேன். எஸ்டேட் வாளி இல்லை, ஊட்டு வாளி என்றார். எனக்கு அதற்குமேல் எதுவும் காதில் ஏறவில்லை. காப்பிச்செடிக்கு இலைநோய் வராமலிருக்க மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து அடிப்பார்கள். மயில்துத்தம் என்பது செம்பில் செய்த நீல உப்பு. மழைக்கு முந்தின மாதம் எஸ்டேட் முழுக்க அதுதான். வாளி, பீப்பாய், சேலை எல்லாவற்றிலும் நீலம் ஏறியிருக்கும். வேறு எங்கிருந்து இந்தக் கடைக்குள் செம்பு வரும்?

"உங்களுக்கெல்லாம் துத்தமும் தண்ணியும் ஒண்ணுதான்! எந்த வாளியில எதை மொள்றதுன்னுகூடத் தெரியாம..." என்று கத்தினேன்.

உங்களுக்கெல்லாம் என்று சொன்னேன். அந்த ஒரு அம்மாவைப் பார்த்து.

அவர் சத்தம் போடவில்லை. "துத்தம் எனக்குத் தெரியாதுங்களா பாய்? இருவது வருசமா எஸ்டேட்டுல துத்தம் கரைக்கறவ நானு. அரிவாளை முக்கிப் பார்த்து, இரும்புல செவப்பு ஏறுச்சுன்னா இன்னும் சுண்ணாம்பு போடுன்னு ரைட்டருக்கே சொல்றவ. அந்த வாளி என் மவ திருப்பூர்லருந்து வாங்கியாந்தது. துத்தத்தைக் கண்ணாலகூடப் பாக்காத வாளிங்க" என்றார். முந்தானையிலிருந்து சாவியை அவிழ்த்துக் கல்லாப்பெட்டிமேல் வைத்தார். வழக்கமாகத் தொங்கும் ஆணியில் மாட்டக்கூட இல்லை. செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப்போனார்.

மறுநாளிலிருந்து அவர் ரோட்டுக்கு அந்தப் பக்கம், சில்வர் ஓக் மரத்தடியில் நின்றார். மழை தூறினாலும் அங்கேதான். நான் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்ததால் பார்ப்பது தெரியாது என்று நினைத்துக்கொண்டு பார்ப்பேன்.

குனியக் கூடாது, கனம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் தொட்டித் தண்ணீரைச் சொம்பு சொம்பாக, பிளாஸ்டிக் சொம்பால், இறைத்துக் கொட்டிவிட்டுப் புதிதாக உப்புத்தண்ணீர் கலந்து ஊற்றினேன். ஊற்றிய அன்று அது கொஞ்சம் விரியும். நாலைந்து விரல் வெளியே வந்து துழாவும். மறுநாள் மறுபடி சுருங்கிவிடும். திரும்ப மாற்றுவேன். விரியும். திரும்பச் சுருங்கும். ஊற்றிய விஷம் போய்விட்டதென்றால் மறுபடி எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். மோட்டார் ஒன்று திரும்பத் திரும்ப எரிந்தால் லைனைப் பார் என்று பத்துப் பேருக்குச் சொல்லியிருக்கிறேன் நான். தோன்றவில்லை. ஆளைப் பிடித்தாகிவிட்டது என்ற எண்ணம் வந்துவிட்டால் அப்புறம் மூளை வேலை செய்வதில்லை.

இரவுச் சாப்பாட்டைத் தொட்டி முன்னால் வைத்துக்கொள்வதை விட்டேன். அடுப்படியில் நின்றுகொண்டே தின்றேன்.

எட்டாம் நாள், தண்ணீர் ஓட்டம் குறைந்திருக்கிறதே, ஸ்பாஞ்சில் அழுக்கு அடைத்திருக்கும் என்று மோட்டாரை வெளியே எடுத்தேன். ஸ்பாஞ்சைத் தடவியபோது விரல் வழுக்கியது. கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினேன். ஆப்பரேஷன் ஆன கண்ணுக்கு நிறமெல்லாம் புதிதாகக் கழுவிவைத்த மாதிரி தெரிந்தது. விரலில் பச்சை. ஸ்பாஞ்சில் பச்சை. ஸ்பாஞ்சைச் சுற்றி மூன்று சுற்று கட்டியிருந்த கம்பியில், அறுத்து முறுக்கிய முனையில், பாசி மாதிரி திட்டாகப் பச்சை.

காயில் கம்பி. செம்பு.

நான்தான் கட்டினேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று கை போன போக்கில் கட்டினேன். நாற்பது வருஷமாக என் கைக்கு எட்டும் தூரத்தில் இருப்பது அந்தக் கம்பிதான். குடைக் கம்பி போனாலும் அதுதான், செருப்பு வார் அறுந்தாலும் அதுதான், மனைவியின் அலமாரிக் கைப்பிடி கழன்றபோதும் அதைத்தான் சுற்றிக்கொடுத்தேன். அது செம்பு என்பது எனக்கு மறந்தே போயிருந்தது. என்னைப் பொறுத்தவரை அது கயிறு.

கம்பியை அவிழ்த்து ஒரு தீப்பெட்டிக்குள் போட்டுவைத்தேன். மோட்டாரைக் கழுவி, ஸ்பாஞ்சை மீன்பிடிக்கும் நைலான் நரம்பால் கட்டினேன். அன்று பாதித் தண்ணீரை மாற்றினேன். மிச்ச விஷத்தை உறிஞ்ச வலையில் கரி போட்டுத் தொங்கவிடச் சொன்னார் கொளத்தூர்க்காரர், அதையும் செய்தேன். மறுநாள் அது சுருங்கவில்லை. அதற்கு மறுநாள் வாய் மூடியது. பத்தாம் நாள் ஒரு பக்கத்து விரல்கள் மட்டும் விரிந்தன. இன்னொரு பக்கம் குட்டையாகவே இருந்தது. அது இனி வளருமோ வளராதோ.

ரோட்டைத் தாண்டிப் போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இருபது அடி. மூன்று நாளாக நான் அதைச் செய்யவில்லை. முழுசாக விரியட்டும், அப்புறம் கூப்பிட்டுக் காட்டலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சொல்லவந்தால் என்ன சொல்வது? அடுத்தவர் சொன்னதையெல்லாம் வாயில் போட்டுக் குதப்பிக்கொண்டிருக்கிறவனுக்குச் சொந்தமாக ஒரு சொல் வரவில்லை. அடுத்த மாதம் இரண்டாவது கண்ணுக்குச் சேலம் போக வேண்டும் என்று நாள் குறித்துக் கொடுத்திருந்தார்கள். சாவியை யாரிடம் கொடுப்பது? அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் நல்லவர்கள்தான், ஆனால் அதைப் பார்த்து "இதை வறுக்கலாமா பாய்?" என்று கேட்பவர்கள். அந்த அம்மாவைத் தவிர மலையில் எனக்கு வேறு ஆள் இல்லை. எதற்கும் இல்லை.

பதினோராம் நாள்தான் அவரே ரோட்டைத் தாண்டி வந்து படிக்குக் கீழே நின்று அப்படிக் கேட்டார்.

"சாகலீங்க அம்மிணி" என்றேன்.

அவர் வளைவைப் பார்த்துக்கொண்டே நின்றார். "அப்படீங்களா. அப்போ செரி" என்றார். நகர்ந்துவிடுவார் என்று தெரிந்தது.

தீப்பெட்டியை எடுத்துக்கொண்டு படியிறங்கினேன். "வாளி இல்லீங்க. இதுதான். நான் கட்டினது" என்று திறந்து நீட்டினேன்.

வாங்கிப் பார்த்தார். பச்சைத் திட்டை நகத்தால் சுரண்டினார். முகர்ந்தார். இருபது வருஷம் துத்தம் கரைத்தவருக்கு யாரும் எதையும் விளக்க வேண்டியதில்லை.

"எத்தனை நாளுங்க உள்ள கிடந்துச்சு?"

"நான் சேலம் போன அன்னைக்குக் கட்டினது. முந்தாநாளுக்கு முந்தின நாள்தான் பார்த்தேன்."

"மூணு நாளாச்சு."

"ஆமாங்க."

"மூணு நாளா நான் அந்த மரத்தடியிலதான் நின்னுட்டிருந்தேன். நேத்தி நனைஞ்சேன்."

தெரியும் என்று சொன்னேன். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன் என்றும் சொன்னேன். அது இன்னும் மோசமாகத்தான் கேட்டது. "அன்னைக்கு நான் பேசினது பேச்சே இல்லீங்க. நீங்க அப்பவே சொன்னீங்க. நான் கேக்கல" என்றேன்.

அவர் தீப்பெட்டியை மூடினார். ஒரு பக்க உதடு கொஞ்சம் இழுத்துக்கொண்டது.

"ஆப்பரேசன் பண்ணுன கண்ணு ஒண்ணு, பண்ணாத கண்ணு ஒண்ணு. ரெண்டுலயும் சேத்துப் பாத்துமா இந்தப் பச்சை தெரியலீங்க பாய்?"

"அடுத்த மாசம் இன்னொரு கண்ணுக்கும் போகணுங்க" என்றேன்.

வளைவில் பஸ்ஸின் ஹாரன் கேட்டது. அந்த அம்மா செருப்பைப் படியில் விட்டுவிட்டு உள்ளே போனார். தொட்டிக்கு முன்னால் கொஞ்ச நேரம்தான் நின்றார். விரிந்த பக்கத்தைப் பார்த்தார், விரியாத பக்கத்தைப் பார்த்தார். "எளைச்சுப் போயிட்டியே சாமி" என்றார். தொடவில்லை. பஸ் வந்து நின்றுவிட்டது. கண்டக்டர் என் கடையைப் பார்த்து விசில் ஊதினார்.

வெளியே வருகிற வழியில், கதவுக்குப் பக்கத்து ஆணியில் தொங்கிய சாவியை எடுத்து, முந்தானை நுனியில் முடிந்து, இடுப்பில் செருகிக்கொண்டு, செருப்பைக் கையில் பிடித்தபடி பஸ்ஸுக்கு ஓடினார்.